கடுக்காயும் எருமைப்பாலும்: சாயம் ஏறுவதற்கு முந்தைய கதை

தலைப்பைப் பார்த்துவிட்டு, பெரியவர் சித்த வைத்தியத்தில் இறங்கிவிட்டார் என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். இந்தக் கடுக்காயும் எருமைப்பாலும் மனிதர்களுக்கான மருந்தல்ல, துணிக்கானது. நம் சோழமண்டலக் கரையில் சாயத் துணி நெய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய காலத்தில், ஒரு வெள்ளைத் துணி சாயத் தொட்டியை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அதற்கு என்னென்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் வீட்டில் முடிச்சுச் சாயம் போட ஆசைப்படுகிறவர்களுக்குப் பயன்படும் செய்முறையும் உண்டு. பொறுமையில்லாதவர்கள் நேராக அங்கே போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரியில் எங்கள் தலைமுறையில் அது அதிசயமில்லை. பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் வினைச்சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யச் சொல்வார். அதில் ஒரு ஜோடி 'பேந்த்ர்', 'தேந்த்ர்'. முதலாவதற்குத் தீட்டுதல் என்று பொருள், இரண்டாவதற்குச் சாயம் ஏற்றுதல். எழுத்தில் முதல் எழுத்து மட்டுந்தான் வேறு. சாய்த்துச் சொல்லும் விதிகள் இரண்டுக்கும் ஒன்றே. வாத்தியார் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகு பழைய பிரெஞ்சுப் பாதிரியார் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தபோதுதான், அந்த ஓர் எழுத்து வித்தியாசத்துக்குள் நம் ஊர்த் தொழில் ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது.

நம் கரையிலிருந்து போன பூப்போட்ட துணிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'துவால் பேந்த்' என்று அழைத்தார்கள். தீட்டிய துணி என்று பொருள். உண்மையில் அவை பெரும்பாலும் சாயம் ஏற்றிய துணிகள். சிவப்புப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி மூங்கில் எழுதுகோலால் வரைந்தது சிவப்பை அல்ல, படிகார நீரை. அதற்கு நிறமே கிடையாது; எங்கே வரைந்தோம் என்று தெரிவதற்காக அதில் ஏதாவது சாயம் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்ட கொதிநீரில் முக்குவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறியது அலசலில் போய்விடும்.

ஐரோப்பாவில் அப்போதே சாயக்காரர்கள் இருந்தார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் நன்றாகவே சாயம் போட்டார்கள். ஆனால் பருத்தியில் அழுத்தமான, துவைத்தாலும் போகாத சிவப்பைக் கொண்டுவர அவர்களால் முடியவில்லை. கம்பளியும் பட்டும் உயிரினங்களிலிருந்து வருபவை, சாயத்தோடு எளிதில் ஒட்டும். பருத்தி செடியிலிருந்து வருவது, அது யாரோடும் சுலபத்தில் ஒட்டாது. அதை ஒட்டவைக்கும் வித்தையைத்தான் நம் ஆட்கள் பல நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருந்தார்கள்.

அந்த வித்தையை அறிய பிரெஞ்சுக்காரர்கள் அனுப்பிய ஆட்களில் இருவர் எங்கள் ஊர்க் கதைக்கு முக்கியமானவர்கள்.

முதலாமவர் பொலியூ என்ற கப்பல் அதிகாரி. 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்தார். பாரீசில் து ஃபே என்ற விஞ்ஞானி இருந்தார். மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று சொன்ன அதே து ஃபேதான். சாயத் தொழிலைப் பற்றியும் ஆராய்ந்தவர். அவருடைய வேண்டுகோளின் பேரில் பொலியூ இங்கே ஒரு தொழிலாளி வேலை செய்வதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் பிரதியோடு அந்தத் துண்டுகளும் பாரீஸ் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல கோப்பு இருக்க முடியாது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஆதாரம் இணைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாமவர் கேர்தூ பாதிரியார். சேசு சபையைச் சேர்ந்தவர். 1732-இல் இந்தியாவுக்கு வந்து 1779-இல் புதுச்சேரியிலேயே இறந்தவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று வில்லியம் ஜோன்ஸ் சொல்வதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி அனுப்பியவர் இவர். 1742-இல் சோழமண்டலக் கரைத் துணி வேலையைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புதிதாகக் கிறித்தவத்தில் சேர்ந்த தொழிலாளிகளிடம் கேட்டு எழுதியது அது. ஒருவரைத் தனியாக, மற்றவரைத் தனியாக, திரும்பத் திரும்பக் கேட்டு ஒத்துப் பார்த்திருக்கிறார். தம்மை நம்பி வந்தவர்களிடம் தொழில் ரகசியத்தைக் கேட்பது சரியா என்ற கேள்வி எனக்கு எழுகிறது. அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு பேரும் சாய ரகசியத்தைத் தேடி வந்தவர்கள். இருவருடைய எழுத்திலும் முதலில் வருவது சாயம் அல்ல. துணியைத் தயார் செய்வதுதான். அதுவும் சில வரிகளில் முடியவில்லை. வெளுப்பு, ஊறல், பிழிதல், வெயில், மறுபடி ஊறல், மரக்கட்டையால் அடித்தல் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடுக்காயையும் சாயவேரையும் என்ன பெயரில் எழுதுவது என்று தெரியாமல் தமிழ் ஒலியை அப்படியே பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வாக்கியத்தின் நடுவில் கடுக்காயைப் பார்த்தபோது, வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் எங்கள் தெருக்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

சரி, அவர்கள் பார்த்தது என்ன? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது வெளுப்பு. தறியிலிருந்து இறங்கிய துணி பார்ப்பதற்கு வெள்ளையாக இருந்தாலும் அதற்குள் இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள். ஒன்று கஞ்சி. பாவு நூல் தறியில் அறுந்து போகாமல் இருக்க நெசவாளி போட்ட கஞ்சி. மற்றொன்று பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே உள்ள மெழுகு. பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். இந்த இரண்டும் இருக்கும்வரை தண்ணீரே உள்ளே போகாது, சாயம் எப்படிப் போகும்?

அதற்கு நம் ஊர் வழி உவர்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் வெள்ளாவியும். உவர்மண்ணில் இருப்பது இயற்கைச் சோடா. புழுக்கை கரைத்த நீரும் காரத்தன்மை உள்ளதே. அதில் துணியை ஊறவைத்து, ஆற்றில் அடித்து அலசி, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து, மறுபடி ஊறவைப்பார்கள். வெள்ளாவிப் பானையின் ஆவியில் துணி வேகும்போது மெழுகு கரைந்துவிடும். இது ஒரு நாள் வேலை அல்ல. இதற்கென்றே தனியாக ஊர்கள் இருந்தன. சென்னையில் வண்ணாரப்பேட்டை என்ற பெயர் கம்பெனித் துணிகளை வெளுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால் வந்தது. சிந்தாதிரிப்பேட்டையை 1734-இல் ஆங்கிலேயர் அமைத்தபோது, நெசவாளிகளோடு நூல் நூற்பவர்களையும் துணி வெளுப்பவர்களையும் சாயம் தீட்டுபவர்களையும் சேர்த்தே குடியேற்றினார்கள். வெளுப்பவர் இல்லாமல் மற்றவர்களுக்கு வேலை இல்லை என்பது வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு நுட்பம். தீட்டு வேலைக்குப் போகும் துணியை முழு வெள்ளையாக வெளுக்க மாட்டார்கள். பாதி வெளுப்போடு நிறுத்துவார்கள். இழை பலம் இழக்காமல் இருக்க வேண்டும், பின்னால் இன்னும் பல அலசல்கள் காத்திருக்கின்றன.

இரண்டாவது கடுக்காய். உலர்ந்த கடுக்காயை இடித்து நீரிலோ பாலிலோ கரைத்து அதில் துணியை ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நாக்கில் பட்டால் நாக்கு சுருங்கும் அல்லவா? அந்தத் துவர்ப்புச் சத்துதான் இங்கே வேலை செய்கிறது. அது பருத்தி இழையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் படிகாரத்தையும் பிடித்துக்கொள்ளும். படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். திருமணப் பேச்சில் இரு வீட்டுக்கும் தெரிந்த பெரியவர் ஒருவர் நடுவில் உட்காருவாரே, அந்த வேலைதான்.

இதே துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். துணியில் கறுப்புக் கோடு போட்டது இப்படித்தான். வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து அந்த நீரால் வரைவார்கள். கடுக்காய் ஏறிய துணியில் கோல் பட்டதும் கறுக்கும். அந்தக் காலத்து எழுது மையும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்ததே. நான் சம்பளம் வாங்கியதற்கும் கடுக்காய்க்கும் தூரத்து உறவு இருக்கிறது.

மூன்றாவது எருமைப்பால். இரு பிரெஞ்சுக்காரர்களும் எருமைப்பாலைத்தான் சொல்கிறார்கள். நம் எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பது காப்பி குடிக்கும் யாருக்கும் தெரியும். அந்தக் கொழுப்பும் பால் புரதமும் இழையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். எழுதுகோலால் இழுத்த கோடு பரவாமல் நிற்க அது உதவும். மட்டமான தாளில் பேனாவால் எழுதினால் மை கசிந்து பூப்பூவாகும், நல்ல தாளில் நிற்கும். பால் குடித்த துணி நல்ல தாள்.

நான்காவதாக, காய்ந்த துணியை மடித்து மரக்கட்டையின் மேல் வைத்துக் கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். அதற்குப் பிறகுதான் முதல் கோடு விழும்.

இந்தக் குறிப்புகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தபோது பிரான்சில் ஒரு வேடிக்கையான நிலைமை. நம் துணிகள் அங்கே அளவுக்கு மீறி விற்றதால் உள்ளூர்ப் பட்டு, கம்பளித் தொழிலைக் காப்பாற்ற 1686-இல் அரசாங்கம் அவற்றைத் தடை செய்திருந்தது. பிரான்சுக்குள்ளேயே அச்சிடுவதற்கும் தடை. அப்படியும் பெண்கள் கட்டினார்கள், வியாபாரிகள் கடத்தினார்கள். தடை நீங்கியது 1759-இல். அடுத்த ஆண்டே, 1760-இல், ஓபர்காம்ஃப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் தொழிற்சாலை ஆரம்பித்தார். 'துவால் து ழூயி' என்று இன்றும் விலை அதிகமாக விற்கும் துணி அதன் வாரிசு. அங்கேயும் ஆற்றங்கரை வேண்டியிருந்தது, துணியை விரித்து வெளுக்கப் புல்வெளி வேண்டியிருந்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் படிகாரம் ஏற்றிய துணியை மாட்டுச் சாணம் கரைத்த வெந்நீரில் போட்டு எடுக்கும் ஒரு கட்டமும் இருந்தது. பிரெஞ்சில் அதற்கு 'பூசாழ்' என்று பெயர். 'பூஸ்' என்றால் மாட்டுச் சாணம். நம்மைச் சாணி மெழுகுகிறவர்கள் என்று சிரித்தவர்கள், தொழிற்சாலைக்குள் சாணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

1785-இல் பெர்தோலே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குளோரின் வாயுவால் துணி வெளுக்கலாம் என்று காட்டினார். பாரீசை ஒட்டியிருந்த ழவேல் என்ற ஊரில் அதைத் திரவமாகத் தயாரித்தார்கள். பிரெஞ்சுக்காரர் வீடுகளில் இன்றும் பிளீச்சிங் திரவத்துக்கு 'ஓ து ழவேல்', ழவேல் தண்ணீர், என்றுதான் பெயர். வாரக்கணக்கான வெளுப்பு மணிக்கணக்கில் முடிந்தது. 1868-இல் ஜெர்மனியில் மஞ்சிட்டி வகை வேர்களில் உள்ள சிவப்பைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். நம் சாயவேருக்கு வேலை போனது அதற்குப் பிறகுதான். கவனியுங்கள், முதலில் மாற்றியது துணி தயாரிப்பை, பிறகுதான் சாயத்தை.

இனி முடிச்சுச் சாயத்துக்கு வருகிறேன். துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவது குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 'பாந்தனி'. கட்டுதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பண்டானா'வும் அதே வேர்தான். நம் பக்கத்தில் இந்த வேலைக்குப் பேர்போனது மதுரைச் சுங்குடி. சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி, ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். சாயம் போட்டு அவிழ்த்தால் முடிச்சுக்குள் இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் திரை அச்சுமே. கையால் முடிச்சிட்டதைப் புள்ளியைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், துணி அங்கே சற்று எழும்பியிருக்கும்.

தென்னாட்டுச் சிவப்புக்கு இன்னொரு தயாரிப்பு முறையும் இருந்தது. உவர்மண் தெளிநீரில் நல்லெண்ணெயைக் கலக்கினால் பால்போல வெளுத்துக் கலங்கும். அதில் துணியையோ நூலையோ முக்கிப் பிழிந்து வெயிலில் காயவைப்பது, மறுபடி முக்குவது என்று நாள்கணக்கில் செய்வார்கள். ஆந்திரத்துச் சீராலாவில் நெய்த 'தேலியா ருமால்' என்ற சதுரத் துணிக்குப் பெயரே இதனால் வந்தது. தேலியா என்றால் எண்ணெய்த் தன்மையுள்ளது. அங்கே நெய்த துணிக்குப் பதிலாக நூலையே கட்டிச் சாயம் போடுவார்கள். எண்ணெய் ஏறிய நூலில் சிவப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

முடிச்சுச் சாயத்தில் தயாரிப்பு ஏன் இன்னும் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கலையே சாயத்தைத் தடுக்கும் கலை. முடிச்சு தடுக்கும் இடத்தில் வெள்ளை, தடுக்காத இடத்தில் நிறம். கஞ்சியும் மெழுகும் துணியில் மீதம் இருந்தால் அவையும் சாயத்தைத் தடுக்கும். சாயத்துக்கு முடிச்சுக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாது. நாம் போட்ட புள்ளிகளுக்கு நடுவே நாம் போடாத திட்டுகளும் வந்துவிடும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்து இந்தத் தொழிலை ஆரம்பித்தார்கள். ஏதோ ஓர் அமைப்பு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஐந்து விதமான முடிச்சு, மூன்று விதமான மடிப்பு, ஒரு சான்றிதழ். துணியைத் தயார் செய்வது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மல் துணி வாங்கி 40 துப்பட்டா செய்து கொடுத்தார்கள். துவைத்த முதல் தண்ணீரிலேயே சாயம் பாதி போய், மீதி வரைபடம் மாதிரித் திட்டுத்திட்டாக நின்றது. வாங்கியவர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் ஒரு பெண் காதில் போட்டிருந்ததை அடகு வைத்திருந்தாள். அவள்தான் என் மனைவியிடம் வந்து, "அம்மா, எங்க கைராசி சரியில்லையா?" என்று கேட்டாள்.

கைராசிக்கு இதில் வேலை இல்லை. வெட்டி மிஞ்சியிருந்த துணியில் காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடின் ஒரு துளி விட்டுப் பார்த்தோம். கருநீலமாக மாறியது. கஞ்சி அப்படியே இருக்கிறது என்று பொருள். கடைக்காரர் துணி பளபளவென்று விறைப்பாக இருக்க வேண்டுமென்று கொடுப்பது, சாயக்காரருக்கு அதுவே சத்துரு.

பிறகு கேர்தூ, பொலியூ இருவரின் வரிசையையும் இன்றைய வீட்டுச் சமையலறைக்கு ஏற்றபடி மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை இங்கேயும் தருகிறேன். கணக்கு 1 கிலோ துணிக்கு.

முதலில் துணி பருத்திதானா என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். தாள் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாகிக் கெட்டியானால் பாலியெஸ்டர் கலந்தது, இந்த வேலைக்கு ஆகாது.

துணியைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற அளவெல்லாம் இதை வைத்துத்தான். ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் கசக்கி அலசுங்கள். கஞ்சி பெரும்பாலும் இதிலேயே இளகிவிடும்.

அடுத்து வேகவைப்பது. இது நம் வீட்டு வெள்ளாவி. 20 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு, துணி முழுதும் மூழ்கும்படி ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். சமைக்கிற பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெள்ளைத் துணியிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிறகு வழுவழுப்பு போகும்வரை அலசிக் காயவையுங்கள்.

இப்போது பரீட்சை. காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் தேர்ச்சி. முத்துப்போல நின்றால் மறுபடி வேகவைக்க வேண்டியதுதான். நான்கைந்து இடங்களில் பார்ப்பது நல்லது.

வெளுக்க வேண்டுமென்று பிளீச்சிங் திரவம் போட்டிருந்தால் நாற்றம் துளியும் இல்லாமல் போகும்வரை அலசுங்கள். மிச்சமிருந்தால் அது சாயத்தையும் வெளுத்துவிடும்.

மஞ்சிட்டி போன்ற வேர்ச் சாயத்தில் சிவப்பு வேண்டுமானால் கடுக்காய் அவசியம். கொட்டை நீக்கிய தூள் 200 கிராம் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, துணியை இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் காயவையுங்கள். கோலால் வரையப்போவதில்லை என்பதால் எருமைப்பால் தேவையில்லை, காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு 150 முதல் 200 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் காயவைத்து, லேசாக அலச வேண்டும். முடிச்சுப் போடுவது இதற்குப் பிறகு. துருப்பிடித்த வாளி, இரும்புச் சட்டி பக்கத்தில் வரக்கூடாது. ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். இரும்புச் சத்துள்ள ஆழ்குழாய்த் தண்ணீரும் சிவப்பை மங்கச்செய்யும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கடுக்காய் ஏறிய துணியில் புள்ளிகள் தூய வெள்ளையாக வராது, இளமஞ்சள் கலந்திருக்கும். பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி வேண்டுமென்றால் அவுரி நீலம் போடுங்கள். அவுரிக்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். அது தொட்டிக்குள் கரைந்த நிலையில் இழைக்குள் புகுந்து, வெளியே காற்றுப் பட்டதும் கரையாத நீலமாக மாறி உள்ளேயே தங்கிவிடும். ஆனால் கஞ்சியும் மெழுகும் போயிருக்க வேண்டும் என்ற விதி நீலத்துக்கும் உண்டு. புதுச்சேரியிலிருந்து செனகலுக்குக் கப்பல் கப்பலாகப் போன 'கினே' என்ற நீலத் துணியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அதைப் பணம் போலவே கொடுத்தார்கள்.

கடையில் பாக்கெட்டில் வரும் குளிர்நீர்ச் சாயம் போடுகிறவர்களுக்கும் கடுக்காய் தேவையில்லை. அங்கே சலவைச் சோடா மறுபடியும் வரும், இந்த முறை சாயத்தை இழையோடு பிணைப்பதற்காக. பாக்கெட்டில் சொன்ன அளவைக் கேளுங்கள். எந்தச் சாயமானாலும், முடிச்சிட்ட துணியை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிறகே தொட்டியில் போட வேண்டும். முடிச்சுக்குள் ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் சாயம் உள்ளே ஊர்வது குறையும்.

எங்கள் தெருப் பெண்கள் இரண்டாம் முறை நான்கே துப்பட்டா செய்தார்கள். ஐந்து முறை துவைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே காட்டினார்கள். நிறம் நின்றது. பழைய கடன் இன்னும் முழுதாக அடையவில்லை, நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் கைராசி என்ற பேச்சு நின்றுவிட்டது.

து ஃபேயின் பெயர் தெரியும், பொலியூவின் பெயர் தெரியும், கேர்தூவின் பெயர் தெரியும். ஓபர்காம்ஃபுக்குப் பிரான்சில் அருங்காட்சியகமே இருக்கிறது. பொலியூவின் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்ட வெட்டத் துணியைப் பிடித்துக் காட்டிய அந்தத் தொழிலாளியின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. அவருக்கு அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர் அவருக்கும் பின்னால், இன்னும் இருட்டில் இருக்கிறார். ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, புழுக்கை நாற்றத்தோடு வாரக்கணக்கில் அலசியவரின் வேலைதான் முதலில் வருவது, ஆனால் எந்தத் துணியிலும் அது கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது வெள்ளாவி, உவர்மண், கடுக்காய் ஊறல் பற்றிச் சொல்லக் கேட்டிருந்தால், அவர்கள் சொன்ன சொற்களோடும் அளவுகளோடும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பொலியூ மாதிரி பக்கத்தில் ஒரு துண்டுத் துணியையும் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை அந்த நீலத் துணி செனகலுக்குப் போன கதையை விரிவாக எழுத எண்ணம், கண் ஒத்துழைத்தால்.